தரகரும் தாய்ப்பத்திரமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பாடத்தைப் பொறுமையாகக் கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் படித்துவிடுங்கள்.

போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு மாணவி பேசினாள். ஏழாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது அவளுக்கே ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான்.

"டீச்சர், ஒரு மனை பார்த்திருக்கோம். எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாத்தான் நிக்கும்னு புரோக்கர் சொல்றார். கொடுக்கலாமா?"

"தாய்ப்பத்திரம் பார்த்தியாம்மா?"

"ஜெராக்ஸ் காட்டினார் டீச்சர்."

அந்த ஒரு வார்த்தை என்னை 1994ஆம் வருடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அவளிடம் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். என் கதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரகு என்பது நேற்று வந்த தொழில் இல்லை. பல்லவர் காலச் செப்பேடுகளில் வரிகளின் பட்டியல் வரும். அதில் தரகும் ஒன்று. தரகுக்கு அரசு வரி போட்டது என்றால், தரகர்கள் இருந்தார்கள், நாலு காசு பார்த்தார்கள் என்றுதான் பொருள். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். விற்பவனுக்கு ஒரு விலை, வாங்குபவனுக்கு ஒரு விலை, நடுவில் தரகருக்கு ஒரு கணக்கு. இன்றைக்கு வீட்டுமனையிலும் நடப்பது அதேதான். துண்டு மட்டும்தான் இல்லை.

நிலம் விற்ற செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர் நம்முடையது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் அதில் முக்கால்வாசி நிலக்கணக்குதான். விற்ற சபையார் யார், வாங்கியவர் யார், கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை எவை என்று வரிசையாக வரும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்து விற்றோம் என்று எழுதுவார்கள். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் வரைக்கும் சொல்வார்கள். இதுவே விலையாவணம், பணம் முழுவதும் கைக்கு வந்ததற்கு இதுவே ஓலை என்று முடித்துச் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள்.

முதலாம் இராசராசன் கி.பி. 1001 வாக்கில் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். வேலி, மா, குழி என்று தொடங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி, அதிலும் 320இல் ஒரு பங்கான கீழ்முந்திரி வரை கணக்கு எழுதினார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் மூன்று மா ஒரு ஏக்கர் என்றுதான் பேச்சு. அத்தனை பழைய அளவு இன்னும் வாயில் இருக்கிறது. ஆனால் எல்லைக்கல்லைப் போய்ப் பார்க்கும் பழக்கம்தான் நம்மை விட்டுப் போய்விட்டது.

அடுத்தது நான் வருடா வருடம் வகுப்பில் சொன்ன கதை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வருவது. சுந்தரர் மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எனக்கு அடிமையோலை எழுதிக் கொடுத்திருக்கிறான், கல்யாணத்தை நிறுத்து" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார். கிழவர் கொஞ்சமும் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அனுபவம், எழுத்து, அயலார் சாட்சி இவற்றில் ஒன்றையாவது காட்டு என்று சபையார் கேட்கிறார்கள். மூல ஓலை வருகிறது. கரணத்தான் வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகளைப் பார்க்கிறார்கள். அதோடு விடவில்லை. பாட்டனார் முன்பு எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டு எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படித்தாலும் இது அருமையான பாடம். நகல் வேறு, மூலம் வேறு. சொத்து யார் கையில் இருக்கிறது, எழுத்து என்ன சொல்கிறது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்த சங்கதி. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்திய நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்னைப் பட்டணமே நடுவர் பேச்சில் வந்த ஊர்தான். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் கடற்கரையோர இடத்துக்கு உரிமை பெற்றார். அதில் துபாஷியாக இருந்து உதவியவர் என்று பேரி திம்மப்பாவின் பெயரைச் சென்னை வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். நல்ல தரகருக்கும் அதுதான் இலக்கணம். விற்பவன் பேச்சும் வாங்குபவன் பேச்சும் அவருக்குப் புரிய வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் காகிதம் பெருகியது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம்தான் அது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். பட்டா என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது அந்த முறையால்தான். ஆனால் பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. வரி யார் கட்டுவது என்பதற்காகப் பிறந்தது.

பத்திரப் பதிவு இன்னொரு துறை. 1864இல் பதிவுச் சட்டம் வந்தது. பிறகு சில முறை மாற்றி எழுதி, 1908இல் வந்த சட்டம்தான் இன்றும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தை விற்றால் பதிவு கட்டாயம் என்றது.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறார்களே தவிர, சொத்து உனக்குத்தான் சொந்தம் என்று அரசு உறுதி சொல்வதில்லை. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்று நாம் நினைக்கிறோம். பாதிக் குடும்பங்கள் ஏமாறுவது அந்த நினைப்பில்தான்.

அந்தக் காலத்தில் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்து ஒரு மனிதர் மனதில் வைத்திருந்தார். அவர் கர்ணம், எங்கள் பக்கம் கணக்குப்பிள்ளை. எந்த வயல் யார் பாட்டனுடையது, யாருக்கு எத்தனை பங்காளி, எதில் வழக்கு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவை வைத்து ஊரை ஆட்டிப்படைத்தவர்களும் உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். செய்ய வேண்டிய மாற்றம்தான் அது. அதே காலத்தில், 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக் கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். அதில் விழுந்த பிழைகளைத் திருத்த இன்றும் மக்கள் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறார்கள்.

என் எண்ணம் என்னவென்றால், கணக்குப்பிள்ளை போன இடத்தில்தான் தரகர் வந்து உட்கார்ந்தார். எந்தச் சொத்து விலைக்கு வருகிறது, யாரைப் பார்க்க வேண்டும், பத்திரம் எழுதுபவர் யார், எந்த மேசைக்கு எந்தக் காகிதம் போக வேண்டும் என்று சொல்ல ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அதே காலத்தில் வயல்கள் மனைகளாயின. மஞ்சள் வண்ணம் அடித்த கல், கலர் கொடி, இலவச வேன், மத்தியானச் சாப்பாடு. நாங்களும் அப்படி ஒரு வேனில்தான் போனோம்.

இனி என் கதை.

1994. கும்பகோணம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. ஒரு தரகர் அறிமுகமானார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ரெக்சின் பை, மெதுவான பேச்சு. "டீச்சரம்மா, நாலு வருஷத்துல இங்க பஸ் வந்துடும்" என்றார். ஐந்தரை சென்ட் மனை, 45,000 ரூபாய். பி.எஃப். கடன் போட்டேன். என் அம்மா போட்ட சங்கிலி அடகுக்குப் போனது.

வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தோம். வில்லங்கம் எதுவும் இல்லை என்றுதான் வந்தது. தாய்ப்பத்திரத்தின் நகலைக் காட்டினார்கள். "மூலப்பத்திரம் எங்கே?" என்று என் கணவர் கேட்டார். "மொத்தம் பதினைந்து மனை சார். ஒருத்தர்கிட்ட மூலத்தைக் கொடுத்துட்டா மத்தவங்களுக்கு எதைக் காட்டுறது? அது நில உடைமைக்காரர் வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு" என்றார் தரகர். நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. பதிவு முடிந்து இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

1997இல் ஒரு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நிலத்துக்காரர் எங்களுக்கு விற்பதற்கு முன்பே மூலப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கட்டவில்லை, ஆகவே இடம் ஏலத்துக்கு வரும். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனைப் பதிவு செய்யத் தேவையில்லாத காலம் அது. பதிவாகாதது வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? வக்கீல் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூலத்தைப் பார்த்தீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். படியோலை, மூல ஓலை என்று பதினைந்து வருடம் பாடம் நடத்தியவள் நான்.

என் கோபமெல்லாம் அந்தத் தரகர் மேல் திரும்பியது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் மகள் அப்போது என் வகுப்பில் படித்தாள். நன்றாகப் பேசக்கூடிய பிள்ளை. அந்த ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு நான் வேஷம் கொடுக்கவில்லை. "இன்னொரு வருஷம் பார்க்கலாம்" என்று சொன்னேன். அவள் பேசாமல் போய் உட்கார்ந்தாள். என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

1998இல் மனை வாங்கிய பதினைந்து பேரும் வங்கி வாசலில் கூடினோம். ஆளுக்கு 18,500 ரூபாய் போட்டுக் கடனை முடித்து மூலத்தை மீட்பதென்று பேச்சு. பதினான்கு பேர் முகம் எனக்குத் தெரியும். பதினைந்தாவது மனை யாருடையது என்று தெரியாது. அந்த ரெக்சின் பையோடு தரகர் வந்தார். பைக்குள்ளிருந்து அவருடைய கிரயப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் எல்லோரிடமும் வாங்கிய கமிஷனைச் சேர்த்து வைத்து, அதே மனைப்பிரிவில் மகளுக்கென்று கடைசி மனையை அவரும் வாங்கியிருக்கிறார். அவரும் மூலத்தைப் பார்க்கவில்லை. நிலத்துக்காரர் பேச்சை நம்பியிருக்கிறார். 18,500 ரூபாயை நூறும் ஐம்பதுமாக எண்ணி வைத்தார்.

எனக்கு அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அவர் மகள் இந்தப் பதிவைப் பார்க்கக்கூடும். அம்மா, அந்த வேஷம் உனக்கு வந்திருக்க வேண்டியது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் டீச்சரை மன்னித்துவிடு.

இந்தப் பதிவை எழுதும் வீடு அந்த ஐந்தரை சென்ட்டில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சட்டங்கள் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம், பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துச் சொத்து கைமாறாது என்று தெளிவாகச் சொன்னது. 2012இல் தமிழ்நாடு செய்த திருத்தத்தால், கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம், உரிமை ஆவணங்களை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இவற்றையெல்லாம் பதிவு செய்தாக வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது இன்று வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு, 20.10.2016க்குள் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது.

தரகர்களையும் கட்டுக்குள் கொண்டுவந்தது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். ரேரா என்கிறார்களே, அதுதான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளோ உள்ள திட்டம் பதிவாக வேண்டும். அதில் விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு எண் வாங்க வேண்டும். அவர் கணக்கு வைக்க வேண்டும், பொய்யான விளம்பரம் செய்யக் கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்க உதவ வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், திட்டத்தை விற்பவர் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எண் என்ன என்று கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகளே, தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் அலைந்து பத்து இடம் காட்டுகிறவருக்கு உழைப்புக் கூலி உண்டு. ஆனால் முதல் நாளே கேளுங்கள்: "நீங்க யாருக்குத் தரகர்? எனக்கா, விற்பவருக்கா, இரண்டு பேருக்குமா? கமிஷன் எவ்வளவு?" நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். அது தெரிந்திருந்தால் அவர் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நமக்குப் புரியும். சிலர் உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் வைத்துச் சொல்லி மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறையாவது உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசினால் அது தெரிந்துவிடும்.

முன்பணம் உரிமையாளர் வங்கிக் கணக்குக்கே போகட்டும், ஒப்பந்தம் எழுதிய பிறகு. தரகர் பணம் பத்திரம் பதிவாகும் நாளில். முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரத்தின் மூலம், பட்டா, புலப்படம் இவற்றைத் தரகர் காட்டும் வக்கீலிடம் காட்டாமல், நீங்களாகத் தேடிய வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு நாள் சாயங்காலம் தனியாகப் போய்ப் பக்கத்து மனைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். திருவெண்ணெய்நல்லூர் சபையார் கேட்ட மூன்றும் இதில் அடங்கிவிடும்.

ஓசூர்ப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அன்றிரவே இணையத்தில் வில்லங்கம் எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரி, உரிமை ஆவணங்களை ஒரு வங்கியில் ஒப்படைத்ததாக. கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு அதற்குக் கீழே எங்கும் இல்லை. மறுநாள் தரகரிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கே தெரியவில்லையாம். அவள் எதிரிலேயே உரிமையாளருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாராம். கடன் பாக்கி இருப்பது உண்மைதான். வாங்குவதானால் அந்தத் தொகையை நேராக வங்கியில் கட்டி, மூலத்தை மீட்டுக் கையில் வாங்கிய பிறகு மிச்சப் பேச்சு என்று இப்போது நிற்கிறது. முடியுமா, கைவிட வேண்டியதுதானா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு லட்சம் அவளிடமே இருக்கிறது.

"அந்த புரோக்கர்கிட்ட இனிமே பேசவே கூடாது டீச்சர்" என்றாள். "அப்படிச் சொல்லாதேம்மா, அவர் வேண்டுமென்று மறைத்தாரா, அவரும் ஏமாந்தாரா என்று முதலில் பார்" என்றேன்.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். வயதான கண், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்